உறைபனிக்கு முன்னும் பின்னும்: பெரிய தோட்டத்தைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்தல்

பெரிய தோட்டத்தில் இலையுதிர்கால வேலை, கையில் இருக்கும் நாட்களுக்குள் எப்போதுமே அடங்காது. ஒரு மூலையில் தொடங்கி வரிசையாகச் சுத்தம் செய்துகொண்டே போனால், பாதித் தோட்டம் தாண்டுவதற்குள் தரை இறுகிவிடும். முதலில் பார்த்திருக்க வேண்டிய குழாயும் கிழங்கும் மறு மூலையில் அப்படியே கிடக்கும். ஆகவே வேலையை இடத்தை வைத்துப் பிரிக்காமல் குளிரை வைத்துப் பிரியுங்கள். இரவு 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது கெடுவது எது, 0 டிகிரியில் கெடுவது எது, மைனஸ் 4 டிகிரியில் எது, தரையே உறைந்த பிறகு எது என்று யோசித்தால் வேலையின் வரிசை தானாகக் கிடைத்துவிடும். இந்த நான்கிலும் அடங்காதது வசந்தம் வரை காத்திருக்கலாம். நாம் 'சுத்தம்' என்று நினைத்துச் செய்யும் வேலைகளில் பெரும்பகுதி அந்தக் கடைசி வகைதான்.

இதற்கு ஒரு வெப்பமானி போதும். ஆனால் அது இருக்க வேண்டிய இடம் முக்கியம். இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதிவு செய்யும் வெப்பமானியைத் தோட்டத்தின் மிகத் தாழ்வான இடத்தில், முழங்கால் உயரத்துக்கும் கீழே வையுங்கள். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கி, வேலி அல்லது சுவர் தடுக்கும் இடத்தில் தேங்கிவிடும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழப்பதால், வானிலை அறிக்கை 2 அல்லது 3 டிகிரி என்று சொல்லும் நாளிலும் புல்நுனியில் உறைபனி விழும். மேட்டில் இருக்கும் தக்காளி பிழைத்து, பள்ளத்தில் இருப்பது கருகிப்போவது இதனால்தான். மண்ணில் 10 செ.மீ. ஆழத்துக்குச் செருகும் வெப்பமானி ஒன்றும் இருந்தால் பூண்டு, டூலிப் நடும் நேரத்தைச் சரியாகப் பிடிக்கலாம்.

10 டிகிரி: முதலில் நகர வேண்டியவை

கறிவேப்பிலை, எலுமிச்சை, மல்லிகை, செம்பருத்தி போன்ற வெப்பமண்டலத் தொட்டிச் செடிகளை இரவு வெப்பநிலை 10 டிகிரியை நெருங்கும்போதே உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். உறைபனி வரட்டும் என்று காத்திருந்தால் வேர் ஏற்கெனவே அடிபட்டிருக்கும். உள்ளே வைப்பதற்கு முன் இலைகளின் அடிப்பக்கத்தையும் கணுக்களையும் பாருங்கள்; மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் அங்கேதான் ஒட்டியிருக்கும். வெளியில் இரை தின்னும் பூச்சிகள் அவற்றை அடக்கி வைத்திருக்கும். வீட்டுக்குள் அந்தக் காவல் இல்லாததால், எண்ணிவிடக்கூடிய சில பூச்சிகள் ஒரு மாதத்தில் செடியையே மூடிவிடும். தொட்டியை விளிம்பு வரை தண்ணீரில் கால் மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் மண்ணுக்குள் இருக்கும் எறும்பும் மரவட்டையும் வெளியே வந்துவிடும்.

உள்ளே வந்த செடி இலை உதிர்த்தால் பயந்து தண்ணீரை ஊற்றாதீர்கள். வெளிச்சம் குறைந்ததற்கு அது காட்டும் எதிர்வினை அது. இலை குறைந்த செடி குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும்; குளிர்காலத்தில் தொட்டிச் செடிகள் சாவதற்குப் பெரிய காரணம் ஈரத்தில் வேர் அழுகுவதுதான். மேல்மண் இரண்டு விரல்கடை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். உரம் வசந்தம் வரை வேண்டாம்.

காய்கறிப் பாத்தியில் இந்த வெப்பநிலையில் முதலில் கறுப்பது துளசி இனங்கள். அடுத்து பீன்ஸ், வெள்ளரி, மிளகாய். தக்காளியில் முழு அளவுக்கு வளர்ந்து பச்சையாக இருக்கும் காய்களைப் பறித்துவிடுங்கள். 15 முதல் 20 டிகிரி இருக்கும் அறையில் ஒரே அடுக்காகப் பரப்பி, கூடவே ஒரு வாழைப்பழமோ ஆப்பிளோ வைத்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பழுப்பதைத் துரிதப்படுத்தும். வெயில் தேவையில்லை. பூசணியைக் காம்போடு சில அங்குலம் விட்டு வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், அது ஒடிந்த இடத்தில்தான் அழுகல் நுழையும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் பத்து நாள் வைத்துத் தோலை இறுகவிட்டு, பிறகு 10 முதல் 13 டிகிரி இருக்கும் உலர்ந்த இடத்தில், ஒன்றை ஒன்று தொடாமல் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும்.

தண்ணீர்: தள்ளிப்போடவே கூடாத வேலை

செடி செத்தால் புதிதாக நட்டுக்கொள்ளலாம். மண்ணுக்கடியில் குழாய் வெடித்தால், அது தெரிய வருவது வசந்தத்தில் வால்வைத் திறக்கும்போதுதான். வெடித்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பாத்தியையே தோண்ட வேண்டியிருக்கும். ஆகவே முதல் கடும் உறைபனிக்கு, அதாவது இரவு மைனஸ் 4 டிகிரியைத் தொடுவதற்கு, ஒரு வாரம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. பனிக்கட்டி உருவான இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்பாகி, அதற்கும் மூடிய குழாய்த் திறப்புக்கும் இடையே சிக்கிய தண்ணீர் மேலும் மேலும் அழுத்தப்படுகிறது. அந்த இடத்தில்தான் குழாய் கிழியும். எனவே வீட்டுக்குள் இருக்கும் வால்வை மூடினால் மட்டும் போதாது. மூடிய பிறகு வெளித்திறப்பைத் திறந்து, குளிர்காலம் முழுக்கத் திறந்தபடியே விட வேண்டும். உள்ளே வால்வின் பக்கவாட்டில் சிறிய வடிகால் மூடி இருந்தால் அதையும் திருகித் திறந்து, மீதித் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துவிடுங்கள்.

உறையாத வகைக் குழாய் என்று விற்கப்படுவதும் ஹோஸ் மாட்டியபடி இருந்தால் வெடித்துவிடும். அந்தக் குழாயின் அடைப்பு சுவருக்கு உட்புறம், வெதுவெதுப்பான பக்கத்தில் இருக்கிறது. மூடியதும் வெளிப்பகுதியில் உள்ள தண்ணீர் தானாக வடிந்துவிட வேண்டும் என்பதே அதன் அமைப்பு. முனையில் ஹோஸ் இருந்தால் வடிய வழியில்லை. எல்லா ஹோஸையும் கழற்றி, ஒரு முனையை உயரத் தூக்கிக்கொண்டே நடந்து தண்ணீரை வடித்து, பெரிய வளையமாகச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள்.

மண்ணுக்கடியில் பதித்த தெளிப்பான் குழாய்களைக் காற்றால் ஊதி வெளியேற்ற வேண்டும். இங்கே தவறு நடப்பது அழுத்தத்தில். கெட்டியான பிவிசி குழாய்க்கு 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு), வளையும் பாலிஎத்திலீன் குழாய்க்கு 50 பிஎஸ்ஐ என்பது தாண்டக்கூடாத எல்லை. தண்ணீரை வெளியே தள்ளுவது அழுத்தத்தைவிடக் காற்றின் அளவுதான். சிறிய கம்ப்ரஸர் தொட்டி சில நொடிகளில் காலியாகிவிடும். அழுத்தத்தைக் கூட்டி அதை ஈடுகட்ட நினைத்தால் இணைப்புகள் பிய்ந்துவிடும். பெரிய தோட்டத்துக்கு வாடகைக்கு ஒரு பெரிய கம்ப்ரஸர் எடுப்பதே சரி. கம்ப்ரஸரில் இருந்து மிகத் தொலைவில் அல்லது மேட்டில் இருக்கும் பகுதியில் தொடங்குங்கள். ஒரு பகுதியை ஒரேயடியாக ஊதாமல், இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி ஊதுங்கள். தண்ணீரே இல்லாமல் வெறும் காற்றில் சுழலும் தெளிப்பானின் பல்சக்கரங்கள் சூடாகி உருகிவிடும். வெறும் பனிப்படலம் போல் ஈரக்காற்று மட்டும் வரும் நிலையில் நிறுத்திவிடலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யவே கூடாது. அழுத்தம் ஏறியிருக்கும்போது தெளிப்பான்மேல் குனிந்து பார்க்கவும் கூடாது.

பலர் விட்டுவிடும் ஓர் இடம், தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வுத் தொகுதி. அதில் இருக்கும் பந்து வால்வுகளின் கைப்பிடியை முழுக்கத் திறந்தோ முழுக்க மூடியோ விட்டால், பந்துக்கும் உறைக்கும் நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். அந்தச் சொட்டு உறைந்து உறையை விரிசலாக்கப் போதும். கைப்பிடிகளை 45 டிகிரி சாய்வில், பாதி திறந்த நிலையில் விட்டால் பந்தின் உள்துளையும் வெளிப்புறமும் ஒன்றாகி, தண்ணீர் வடிந்துவிடும்.

சொட்டுநீர்க் குழாய்களுக்குக் காற்று வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிசையின் கடைசி மூடியையும் கழற்றித் தாழ்வான பக்கம் வடியவிடுங்கள். வடிகட்டி, அழுத்தச் சீராக்கி, நேரக்கருவி மூன்றையும் கழற்றி உள்ளே எடுத்துவிடுங்கள். நேரக்கருவியின் பேட்டரியை எடுக்க மறந்தால் கசிந்து முனையை அரித்துவிடும். மழைநீர்ப் பீப்பாயைக் காலி செய்து கவிழ்த்துவிட்டு, கூரைக் குழாயை அதிலிருந்து திருப்பிவிட வேண்டும்.

0 டிகிரி: டேலியாவும் அதன் உறவுகளும்

டேலியாவைத் தோண்ட அவசரப்பட வேண்டாம். பகல் குறுகும்போதுதான் கிழங்கு நன்றாகத் திரளும். முதல் உறைபனி இலைகளைக் கறுக்கவைத்து, மேலும் ஒரு வாரம் கழித்துத் தோண்டினால் அடுத்த ஆண்டுக்கான மொட்டுக்கண்கள் கழுத்துப் பகுதியில் தெளிவாகத் தெரியும். மண்ணே உறையப் போகிறது என்றால் மட்டும் உடனே தோண்டிவிடுங்கள். பூ நிறத்தை எழுதிய அட்டையைத் தண்டில் கட்டுவது உறைபனிக்கு முன் செய்ய வேண்டியது. கறுத்த பின் எல்லாச் செடியும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

தண்டை 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். முட்கரண்டி மண்வெட்டியைத் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் குத்தி, சுற்றிலும் நெகிழ்த்திய பிறகு அடியிலிருந்து தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து முறியும். ஒவ்வொரு கிழங்கும் தூரோடு சேரும் இடம் பென்சில் கனத்துக்குக் குறுகியிருக்கும். அங்கே தோல் மடிந்து, கிழங்கு தொங்கலாடினால் அது முளைக்காது. கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் கண் இருப்பது தூரில்தானே தவிரக் கிழங்கின் உடலில் இல்லை. அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். தண்டு உள்ளே பொள்ளலாக இருப்பதால், தோண்டிய தூரைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு மூன்று நாள் வைத்துத் தண்ணீரை வடியவிட வேண்டும். தண்டுக்குள் தேங்கிய தண்ணீர் தூரை உள்ளிருந்தே அழுகச் செய்யும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காய்ந்த கிழங்கை வெர்மிகுலைட் என்னும் ஈரம் பிடிக்கும் கனிமத் துகளிலோ மரத்தூளிலோ புதைத்து 4 முதல் 10 டிகிரிக்குள் வையுங்கள். கையில் அள்ளி இறுக்கினால் குளிர்ச்சி தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. ஈரம் அந்த அளவுதான். 10 டிகிரிக்கு மேல் போனால் முளைவிடத் தொடங்கி வீணாகும், உறைந்தால் கூழாகிவிடும். மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சுருங்கியிருந்தால் தண்ணீர் தெளியுங்கள். மென்மையான இடம் இருந்தால் வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டுவாயைக் காயவிட்டு மறுபடி வையுங்கள்.

கல்வாழையை மண்ணோடு கட்டியாகவே தூக்கி, அப்படியே பெட்டியில் வைக்கலாம். கிளாடியோலஸில் இந்த ஆண்டுக் கிழங்கு பழைய கிழங்கின் தலைமேல் உட்கார்ந்திருக்கும்; இரண்டு மூன்று வாரம் உலர்த்தினால் பழையது கையோடு கழன்றுவிடும், அதை எறிந்துவிட்டுப் புதியதை வலைப்பையில் தொங்கவிடுங்கள். கலாடியம் மட்டும் குளிர் தாங்காது, 15 டிகிரிக்குக் கீழே விடக்கூடாது.

சருகு

பெரிய மரங்கள் உள்ள தோட்டத்தில் சருகைக் கூட்டி அள்ளிப் பையில் கட்டி வெளியே அனுப்புவது, மண்ணின் செல்வத்தைக் கொடுத்தனுப்புவதற்குச் சமம். சருகை மூன்று விதமாகப் பிரிக்கலாம்.

புல்தரையில் மெல்லியதாக விழுந்திருந்தால் புல்வெட்டும் இயந்திரத்தை அதன்மேலேயே ஓட்டுங்கள். நொறுங்கிய துணுக்குகளுக்கு இடையே பாதிப் புல்லாவது கண்ணுக்குத் தெரிந்தால் விட்டுவிடலாம், மண்புழு இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் தடிப்பாக இருந்தால் அள்ளியே ஆக வேண்டும். ஈரச் சருகு தகடுபோல் படிந்து, பனிக்கு அடியில் பூஞ்சை பிடித்து, வசந்தத்தில் வட்ட வட்டமாக வைக்கோல் நிறத்தில் புல் செத்துக் கிடக்கும். கடைசி வெட்டில் புல்லை 5 முதல் 7 செ.மீ. உயரத்தில் விடுங்கள், அதைவிட நீண்டாலும் சாய்ந்து இதே பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

அள்ளியதை இலைமட்காக்குவது தனி வேலை. ஒரு மீட்டர் விட்டத்தில் கம்பி வலையை வளையமாக நிறுத்தி, சருகைப் போடப்போடத் தண்ணீர் தெளித்து மிதியுங்கள். மக்குக் குவியலில் வெப்பத்தோடு வேலை செய்வது பாக்டீரியா. இங்கே மெதுவாக வேலை செய்வது பூஞ்சை. அதற்கு வெப்பம் வேண்டாம், ஈரம் வேண்டும். உலர்ந்த சருகை அப்படியே கொட்டி வைத்தால் இரண்டு ஆண்டு கழித்தும் சருகாகவே இருக்கும். நடுவில் கையை விட்டுப் பார்த்தால் தூசு பறக்கும். நொறுக்கிப் போட்டால் ஓராண்டு, முழு இலையாகப் போட்டால் இரண்டாண்டு. ஓக் இலை இன்னும் தாமதம்.

மீதியை வெப்ப மக்குக் குவியலுக்கு ஒதுக்குங்கள். பச்சைக் கழிவு ஒரு பங்குக்குச் சருகு இரண்டு முதல் மூன்று பங்கு. குவியல் ஒரு கன மீட்டருக்குக் குறைந்தால் குளிரில் வெப்பம் நிற்காது. நடுவில் 55 டிகிரிக்கு மேல் பல நாட்கள் நின்றால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். வீட்டுக் குவியல்களில் பெரும்பாலானவை அதைத் தொடுவதில்லை என்பதால், நோய் வந்த இலைகளை அங்கே போடாமல் இருப்பதே நல்லது. ரோஜாவின் கரும்புள்ளி, ஆப்பிளின் சொறிநோய் இரண்டும் உதிர்ந்த இலையில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அந்தச் செடிகளின் அடியில் மட்டும் ஒரு இலை விடாமல் பொறுக்க வேண்டும்.

வெட்ட வேண்டியவை, விட வேண்டியவை

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவுடன் எல்லாவற்றையும் மொட்டையடிக்கத் தோன்றும். லைலாக், ஃபோர்சித்தியா, ரோடோடென்ட்ரான் போன்ற வசந்தத்தில் பூக்கும் புதர்கள் அடுத்த ஆண்டு மொட்டை ஏற்கெனவே கட்டி வைத்திருக்கின்றன; இப்போது வெட்டினால் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். பெரிய இலை ஹைட்ராஞ்சியாவின் காய்ந்த பூங்கொத்து, அதன் அடியில் இருக்கும் மொட்டைப் பனியிலிருந்து காக்கும், வசந்தம் வரை விடுங்கள். பிளம், செர்ரி மரங்களைக் குளிர்காலத்தில் கவாத்து செய்தால் வெட்டுக்காயம் வழியாக வெள்ளியிலை நோய் நுழையும். அவற்றுக்குக் கோடைதான் நேரம். ஆப்பிளும் பேரிக்காயும் குளிர்காலத்தின் இறுதிக்குக் காத்திருக்கட்டும்.

உயரமான ரோஜாக்களை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். இது கவாத்து இல்லை. காற்று அசைத்து அசைத்துத் தூரைச் சுற்றி ஒரு குழி விழும், அதில் தண்ணீர் நின்று உறையும். அதைத் தடுக்க மட்டுமே. கடுங்குளிர் பகுதிகளில் ஒட்டுக்கட்டிய முடிச்சை 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மண்ணோ மக்கோ குவித்து மூடுவது அவசியம். அந்த மண்ணை வேறிடத்திலிருந்து கொண்டுவாருங்கள், செடியைச் சுற்றிச் சுரண்டினால் வேர் வெளியே தெரிந்துவிடும்.

பல்லாண்டுப் பூச்செடிகளில் பியோனி, சாம்பல் நோய் பிடித்த ஃப்ளாக்ஸ், மோனார்டா, துளைப்பான் முட்டையிடும் ஐரிஸ் இலைகள் இவற்றை மட்டும் தரையோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள். எக்கினேசியா, ருட்பெக்கியா, சீடம், அலங்காரப் புற்கள் எல்லாம் நிற்கட்டும். விதைக்குப் பறவை வரும். பொள்ளலான தண்டுக்குள் தனித்து வாழும் தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கும். நிற்கும் தண்டு பனியைப் பிடித்துவைத்துத் தன் தூரைத் தானே மூடிக்கொள்ளும். தோட்டம் அலங்கோலமாகத் தெரிகிறது என்று அண்டை வீட்டார் சொல்வார்கள். பாதையோரம் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் நேர்த்தியாக வெட்டிவிட்டால் உள்ளே இருப்பதும் திட்டமிட்டு விட்டதுபோல் தெரியும்.

ராஸ்பெரியில் கோடையில் காய்த்து முடித்த பழுப்புத் தண்டுகளைத் தரையோடு வெட்டுங்கள், இந்த ஆண்டு வளர்ந்த பச்சைத் தண்டுகளைத் தொடாதீர்கள். பழமரத்தில் சுருங்கித் தொங்கும் பழங்களை ஒன்று விடாமல் பறித்துவிடுங்கள், பழுப்பு அழுகல் நோய் அதில்தான் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். இறக்கையில்லாத குளிர்கால அந்துப்பூச்சிப் பெண்கள் இந்தப் பருவத்தில் தண்டின் வழியே ஏறி முட்டையிடும். தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் பிசின் பட்டை ஒன்றைச் சுற்றினால் தடுக்கலாம். மரத்துக்கு முட்டுக்கொடுத்த கம்பு இருந்தால் அதற்கும் சுற்ற வேண்டும்.

பாத்தி

உருளைக்கிழங்கில் கோலிக்குண்டு அளவுக் கிழங்கைக்கூட மண்ணில் விடாதீர்கள். தக்காளியையும் உருளையையும் அழிக்கும் பின்கருகல் நோய் குளிரைத் தாண்டுவது பெரும்பாலும் உயிருள்ள அந்தக் கிழங்கில்தான். பீன்ஸ், பட்டாணியைப் பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டினால் வேர் மண்ணிலேயே மக்கும். வேர்க்களைகளை எடுக்க இது நல்ல தருணம். மண் ஈரமாக நெகிழ்ந்திருக்கும்.

மண்ணைப் புரட்டிப்போட வேண்டாம். மேலே 3 முதல் 5 செ.மீ. மக்கு உரம் பரப்பினால் போதும். பெரிய தோட்டத்தில் இதற்குக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்: 100 சதுர மீட்டருக்கு 5 செ.மீ. என்றால் 5 கன மீட்டர் வேண்டும். இருக்கும் மக்கு போதாவிட்டால், அதை மெல்லியதாக எங்கும் தூவாமல் அதிக உணவு கேட்கும் பாத்திகளுக்கு மட்டும் கொடுத்து, மீதியில் பசுந்தாள் விதையுங்கள். ரை என்னும் தானியப் பயிர் என்றால் 10 சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராம் விதை. இது தாமதமாக விதைத்தாலும் முளைக்கும், குளிரில் சாகாது, வசந்தத்தில் நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மடக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அதன் வேரிலிருந்து வரும் பொருள்கள் சிறு விதைகளை முளைக்கவிடாது. அந்த வேலை வேண்டாம் என்றால் ஓட்ஸ் விதையுங்கள். உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே விதைக்க வேண்டும். கடும் குளிரில் தானே செத்து மூடாக்காகப் படுத்துவிடும்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதும் இப்போதே. 15 செ.மீ. ஆழத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து ஒரு மாதிரியாக்குங்கள். அமிலத்தன்மை அதிகம் என்று வந்தால் சுண்ணாம்பு இட்டுவிடலாம், அது மண்ணில் வேலை செய்யச் சில மாதங்கள் ஆகும்.

பூண்டு நடுவது தரை உறைவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன். பெரிய பல்லாகத் தேர்ந்து, தோலை உரிக்காமல், கூர்முனை மேலே வர 5 செ.மீ. ஆழத்தில், 15 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். வேர் ஓட வேண்டும், இலை மேலே வரக்கூடாது என்பதுதான் நேரக் கணக்கின் நோக்கம். குளிர் படாத பூண்டு பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். டூலிப்பைக் கடைசியில், மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் நடுங்கள், தாமதித்தால் அதன் பூஞ்சை நோய் குறையும். டாஃபடில் அதற்கு முன்பே போகட்டும், அதற்கு வேர்விட நாள் அதிகம் வேண்டும். அணில் தொல்லை இருந்தால் நட்ட இடத்தின்மேல் கம்பி வலையைப் படுக்க வைத்து ஓரங்களில் கல் வையுங்கள்.

தரை உறையும்போதும் உறைந்த பிறகும்

இலை உதிர்க்காத மரங்களுக்குக் குளிர்காலத்தில் வருவது பெரும்பாலும் தாகம். வெயிலும் காற்றும் இலையிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் எடுக்க முடியாது. வசந்தத்தில் காற்றடித்த பக்கம் மட்டும் பழுப்பாகிக் கிடக்கும். தரை உறையும் வரை, மழை இல்லாத வாரங்களில், 30 செ.மீ. ஆழம் வரை ஈரம் இறங்கும்படி தண்ணீர் விடுங்கள். இந்த ஆண்டு நட்ட மரம் எதுவானாலும் இதே கவனம் வேண்டும். காற்று முகத்தில் இருப்பவற்றுக்குக் கம்பு நட்டுச் சணல் துணியைத் திரையாகக் கட்டலாம், இலையைத் தொடாமல் கட்டுங்கள். பிளாஸ்டிக் தாளால் சுற்றக்கூடாது. பகல் வெயிலில் உள்ளே வெந்து இரவில் உறையும்.

இளம் பழமரங்களின் அடித்தண்டை 6 மி.மீ. கண் கொண்ட கம்பி வலையால் வளைக்க வேண்டும். வயல் எலிகள் பனிக்கு அடியில் சுரங்கம் வைத்து வந்து பட்டையைக் கடிக்கும். சுற்றிலும் வளையமாகக் கடித்துவிட்டால் அந்த மரம் பிழைப்பது அரிது. வலை மண்ணுக்குள் 5 செ.மீ. இறங்கியும், எதிர்பார்க்கும் பனி மட்டத்துக்கு மேலே 45 செ.மீ. உயர்ந்தும், பட்டையிலிருந்து விலகியும் நிற்க வேண்டும். முயல் பனிமேல் நின்று கடிக்கும் என்பதால்தான் அந்தக் கூடுதல் உயரம்.

மூடாக்கு போடுவதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். குளிர்கால மூடாக்கின் வேலை மண்ணைச் சூடாக வைப்பது என்று எண்ணி இலையுதிர்காலத் தொடக்கத்திலேயே போட்டால், எலிக்கு வீடு கிடைக்கும், செடியும் உறக்கத்துக்குப் போகத் தாமதிக்கும். உறைந்த தரையை உறைந்தபடியே வைத்திருப்பதுதான் அதன் வேலை. பகலில் உருகி இரவில் உறைந்தால் மண் விரிந்து சுருங்கி, ஆழமாக வேரோடாத செடிகளை மேலே தள்ளிவிடும். வேர் காற்றில் காய்ந்து செடி சாகும். ஆகவே மேல்மண் 2, 3 செ.மீ. இறுகிய பிறகு 5 முதல் 10 செ.மீ. தடிப்பில் வைக்கோலோ மரச்சில்லோ நொறுக்கிய சருகோ பரப்புங்கள். ஸ்ட்ராபெரிக்கு இரவுகள் மைனஸ் 6 டிகிரியை ஒட்டி இறங்கும்போது வைக்கோல். மரத்தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும்.

குளம் இருந்தால் இலை விழுவதற்கு முன்பே வலை விரித்திருக்க வேண்டும். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனதும் மீனுக்குத் தீனியை நிறுத்துங்கள், செரிக்காது. பனிக்கட்டி மூடிவிட்டால் சுத்தியலால் உடைக்காதீர்கள், அதிர்வு மீனைத் தாக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தை மேலே வைத்து ஒரு துளை உருகவிட்டால் போதும்.

கருவிகளில் மண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எண்ணெய் பூசுங்கள், மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக்கூடாது. காயும்போது தானே சூடாகித் தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவைத்து, பிறகு எறியுங்கள். பெட்ரோல் இயந்திரத்தின் தொட்டியைக் காலி செய்யுங்கள், அல்லது நிலைப்படுத்தும் திரவத்தைக் கலந்து பத்து நிமிடம் ஓட்டுங்கள். லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள். 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜில் போடாதீர்கள்.

பனி விழத் தொடங்கிய பிறகு, புதர்களில் சேரும் ஈரப்பனியைத் துடைப்பத்தால் கீழிருந்து மேலாகத் தட்டிவிடுங்கள்; மேலிருந்து தட்டினால் ஏற்கெனவே வளைந்த கிளை முறியும். கண்ணாடிபோல் பனிக்கட்டி மூடியிருந்தால் தொடவே வேண்டாம். உறைந்த புல்தரையில் நடக்காமல் இருங்கள், பாதம் பட்ட இடமெல்லாம் பழுப்பாகும். பழமரங்களைச் சுற்றி விழுந்த புதுப்பனியை மட்டும் நன்றாக மிதித்து இறுக்கிவிடுங்கள், வயல் எலியால் அதற்குள் சுரங்கம் வைக்க முடியாது. ஒவ்வொரு பெரிய பனிக்குப் பிறகும் இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.